ஹெட் கேஸ்கட்: ஒரு மெல்லிய தகட்டின் கதை

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் தம்பி மகன் போன் செய்தான். "பெரியப்பா, வண்டி நடுரோட்டுல நின்னுடுச்சு. ஹெட் கேஸ்கட் போச்சுன்னு சொல்றாங்க. டர்போ இன்ஜினாம், செலவு ஜாஸ்தி ஆகுமாம். என்ன செய்யட்டும்?"

நான் மெக்கானிக் இல்லை. புதுச்சேரியில் அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்துப் பதினோரு வருடம் வண்டிகள் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். ஸ்பேனர் பிடித்ததில்லை, ஸ்பேனர் பிடித்தவர்கள் கொடுத்த எஸ்டிமேட்டைப் பிடித்திருக்கிறேன். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எதனால போச்சுன்னு சொன்னாங்களா?"

"அதைச் சொல்லலையே."

"அதைக் கேட்டுட்டு அப்புறம் பணம் கொடு."

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது 2002-ல். கற்றது நான், கிட்டத்தட்ட விலை கொடுக்க இருந்தது வேறொருவர். அதைச் சொல்வதற்கு முன், இந்தத் தகட்டைப் பற்றியும் டர்போவைப் பற்றியும் கொஞ்சம் சரித்திரம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நடந்தது புரியாது.

இன்ஜின் இரண்டு பெரிய துண்டுகளாக இருக்கும். கீழே பிளாக். அதில்தான் பிஸ்டன்கள் ஏறி இறங்கும். மேலே ஹெட். அதில் வால்வுகள். இரண்டையும் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். நடுவில் வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். பிரெஞ்சில் இதற்கு 'ழுவேன் த கியுலாஸ்' என்று பெயர். 'கியுலாஸ்' என்பது துப்பாக்கி, பீரங்கியின் பின்பக்க மூடியைக் குறிக்கும் சொல். குண்டு வெடிக்கும்போது பின்னால் பிய்த்துக்கொண்டு போகாமல் தாங்கும் பாகம் அது. இன்ஜின் கட்டியவர்கள் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். பொருத்தமான பெயர். சிலிண்டருக்குள் நடப்பதும் அடுத்தடுத்து வெடிக்கும் சிறு சிறு வெடிதானே.

எங்கள் பள்ளியில் பௌதிக வாத்தியார் 'எத்தான்ஷெயித்தே' என்று ஒரு சொல்லை டிக்தேயில் கொடுப்பார். கசியாத தன்மை என்று பொருள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியவன் வகுப்பில் யாரும் இல்லை. அந்தச் சொல்லுக்கு உதாரணம் வேண்டுமானால் இந்தக் கேஸ்கட்தான். ஒரே தகடு மூன்றைப் பிரித்து வைக்கிறது: சிலிண்டருக்குள் இருக்கும் நெருப்பு, சுற்றி ஓடும் தண்ணீர், மேலே ஏறி இறங்கும் ஆயில். டர்போ வைத்த டீசல் இன்ஜினில் எரியும் கணத்தில் அழுத்தம் காற்று மண்டலத்தைப் போல நூறு மடங்கைத் தாண்டும். சிலிண்டரின் குறுக்களவு 9 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால், ஒவ்வொரு வெடிப்பிலும் ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கும் விசை 6 டன்னுக்கு மேல். இது ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது.

இந்த அழுத்தத்தை ஏற்றிவிட்டது டர்போ. அதன் கதை நூறு வருடத்துக்கும் பழையது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துக்காரர் ஆல்ஃபிரட் பியூக்கி என்ற இன்ஜினியர். எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறதே என்பது அவருடைய கவலை. அந்தப் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே அச்சில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கலாம் என்று 1905-ல் பேட்டன்ட் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 26. வீணாகப் போகும் புகையில் வேலை வாங்குவது என்பதால், செலவில்லாத சக்தி போலத் தோன்றும். ஆனால் யோசனை கைகூடுவதற்கு இருபது வருடம் ஆனது. 1920-களின் நடுவில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் இன்ஜினில் வைத்தபோது 1750 குதிரைசக்தி 2500 ஆக உயர்ந்தது.

அதற்கிடையில் பிரான்சில் ஓகுஸ்த் ரத்தோ என்பவர் முதல் உலகப் போர்க் காலத்தில் ரெனோ விமான இன்ஜின்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்தார். மேலே போகப் போகக் காற்று மெலிந்துபோகும், இன்ஜின் மூச்சு வாங்கும். அதற்கு மருந்து இது. 1918-ல் அமெரிக்கர்கள் ஒரு விமான இன்ஜினை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோய் டர்போ வைத்து ஓட்டிக் காட்டினார்கள்.

ஆனால் காற்றைத் திணித்தால் அழுத்தமும் சூடும் ஏறும். எல்லாம் அந்தத் தகட்டின் தலையில்தான் விடியும். இதைச் சமாளிக்க இரண்டு வழி இருந்தது.

ஒன்று, இணைப்பே இல்லாமல் செய்துவிடுவது. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் பல வருடம் கொடி கட்டிப் பறந்தது ஆஃபன்ஹவுசர் இன்ஜின். அதில் ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. கேஸ்கட்டே கிடையாது, அதனால் அடித்துக்கொண்டு போகவும் வழியில்லை. டர்போவுக்கு இப்படிப்பட்ட இன்ஜின் நன்றாகத் தாங்கியது. 1968-ல் பாபி அன்சர் டர்போ வைத்த ஆஃபன்ஹவுசரில் அந்தப் பந்தயத்தை வென்றார். டர்போ இன்ஜினுக்கு அங்கே அதுதான் முதல் வெற்றி. நம்மில் சிலருக்கு நினைவிருக்கும் சித்ரோவன் 'தே ஷ்வோ' காரிலும் ஹெட் கேஸ்கட் இல்லை. ஆனால் அது பந்தயக் கார் அல்ல, 1948-ல் அறிமுகமான ஏழையின் கார். காற்றிலேயே குளிரும் இன்ஜின். கசிய அதில் தண்ணீரே கிடையாது.

இரண்டாவது வழி, தகட்டை நல்லதாகச் செய்வது. அந்தக் காலத்தில் இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் வைத்திருப்பார்கள். பிறகு நடுவில் இரும்புத் தகடு வைத்த கலவை கேஸ்கட் வந்தது. அதற்கும் பிறகு மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி, ஸ்பிரிங் போல அமுங்கி எழும்படி செய்தார்கள். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் இதுதான்.

டர்போவின் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த ஆண்டு 1952. அதே இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் கம்மின்ஸ் கம்பெனி டர்போ வைத்த டீசல் கார் ஒன்றைக் கொண்டுவந்தது. தகுதிச் சுற்றில் பெட்ரோல் கார்களை எல்லாம் பின்னால் தள்ளி முதலிடம். பந்தயம் 200 சுற்று. அந்தக் கார் 71-ம் சுற்றோடு நின்றுவிட்டது. இன்ஜின் சரியாகத்தான் இருந்தது. பாதையில் தேய்ந்து கிடந்த டயர் ரப்பர் துகள்கள் டர்போவுக்குக் காற்றுப் போகும் வழியை அடைத்துவிட்டன. பெரிய பெரிய பாகங்களைப் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் வழி அடைபடும் என்று நினைக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1977-ல் சில்வர்ஸ்டோனில் ரெனோ தன் 1500 சி.சி. டர்போ காரை ஃபார்முலா ஒன்றில் இறக்கியது. மற்றவர்களுடையது 3000 சி.சி. மஞ்சள் கார் புகையைக் கக்கிக்கொண்டு அடிக்கடி நின்றுபோனதால் 'மஞ்சள் டீ கெட்டில்' என்று ஆங்கிலேயர்கள் கேலி செய்தார்கள். இரண்டு வருடம் நிற்கும்போதெல்லாம் எதனால் நின்றது என்று பார்த்துப் பார்த்துச் சரி செய்தார்கள். 1979 ஜூலை 1-ம் தேதி, பிரான்சின் திழோனில், ழான்-பியேர் ழபுய் ஓட்டிய அதே ரெனோ டர்போ முதலாவதாக வந்தது. பழைய பத்திரிகைகளில் இதைப் படித்தபோது பள்ளிப் பிள்ளை போல சந்தோஷப்பட்டேன். அதே காலத்தில்தான் டர்போ டீசல் சாதாரணக் கார்களுக்கும் வந்தது. 1978-ல் மெர்சிடிஸ், 1979-ல் பெழோ. நம் ஊர் ஜீப்புகளுக்கு வந்து சேர அதற்குப் பிறகும் பல வருடம் ஆனது.

அப்படி வந்த ஒரு ஜீப் எங்கள் அலுவலகத்துக்கும் கிடைத்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். கீழே வார்ப்பிரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட். 2002 மே மாதம், அதிகாரியை ஏற்றிக்கொண்டு காரைக்கால் போகும் வழியில், சீர்காழிக்கு முன்னால் கொதித்து நின்றுவிட்டது. லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் எஸ்டிமேட் கேட்டோம். "டர்போ போச்சு, அரை இன்ஜினும் மாத்தணும்" என்று எழுதிக் கொடுத்தார்கள். தொகை 62 ஆயிரம்.

அதிகாரிக்குக் கோபம். கொதிக்கக் கொதிக்க ஓட்டியிருக்கிறார், டிரைவரின் கவனக்குறைவு, செலவை அவரிடமிருந்து ஏன் பிடித்தம் செய்யக் கூடாது என்று மெமோ போடச் சொன்னார். எழுதியது நான். நல்ல ஆங்கிலத்தில், விதி எண் எல்லாம் போட்டு எழுதினேன். பதில் சொல்ல ஏழு நாள். டிரைவர் ஓய்வு பெற 14 மாதம் இருந்தது. மெமோவை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வண்டியை இன்னொருத்தர்கிட்ட காட்டலாமா சார்?" என்று மட்டும் கேட்டார். 62 ஆயிரத்துக்கு இன்னொரு கொட்டேஷன் எப்படியும் வேண்டும். சரி என்றேன்.

நெல்லித்தோப்பில் சின்னக் கொட்டகை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கொட்டேஷன் வாங்கப் போன நான் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் பார்த்தார்.

"சார், புகை நீலமா வந்தா ஆயில் எரியுது. டர்போ சீல் போனா நீலம் வரும். இது வெள்ளை. தண்ணி உள்ளே போவுது." டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி விரலால் சக்கரத்தைச் சுற்றினார். சுலபமாகச் சுற்றியது. அச்சில் ஆட்டம் இல்லை, குழாயில் ஆயில் வடியவில்லை. "டர்போ நல்லா இருக்கு."

பிறகு ஆறிப்போயிருந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். சூடான இன்ஜினில் யாரும் மூடியைத் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. சிலிண்டரின் புகை தண்ணீர் வழிக்குள் வருகிறது என்பதற்கு அது சாட்சி. மூடியைப் போட்டு மறுபடி ஓட்டியபோது, இன்ஜின் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தது. டிப் ஸ்டிக்கை எடுத்துக் காட்டினார். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். எங்கள் வண்டியில் லேசான வெளுப்புதான். கடைசியாக கம்ப்ரஷன் கேஜ். ஒன்றாம், நான்காம் சிலிண்டரில் 27, 28 என்று காட்டியது. இரண்டிலும் மூன்றிலும் 16. "பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டும் ஒண்ணா இறங்குனா நடுவுல கேஸ்கட் எரிஞ்சிருக்குன்னு அர்த்தம் சார். அரை இன்ஜின் எல்லாம் வேணாம்." அவருடைய எஸ்டிமேட் 9 ஆயிரம் சொச்சம்.

வேலை நான்கு நாள் நடந்தது. ஆபீஸ் விட்டதும் போய்ப் பார்ப்பேன். இன்ஜின் முழுக்க ஆறும் வரை ஹெட்டைத் தொடவில்லை. அலுமினியம் சூட்டோடு தளர்ந்தால் வளைந்துவிடும். இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும் உலோகம் அது. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து உள்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஹெட்டைத் தூக்கியதும் தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது துளைகளுக்கு நடுவே கேஸ்கட் கருகி அறுந்து, பக்கத்துத் தண்ணீர்த் துளை வரை தீய்ந்திருந்தது.

ஹெட்டின் மேல் எஃகுப் பட்டை ஒன்றை வைத்து அடியில் ஃபில்லர் கேஜை நுழைத்தார். நடுவில் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு காகிதத் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகம். "இதுவே ஜாஸ்தி சார்" என்று லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்யச் சொன்னார். விரிசல் இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்தும் பார்த்தார்கள். பிளாக்கில் பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனுள்ள கேஸ்கட் வாங்கிவரச் சொன்னார். டீசலில் ஒரே இன்ஜினுக்கு இரண்டு மூன்று தடிமன்களில் கேஸ்கட் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. போல்ட் துளைகளில் தேங்கியிருந்த ஆயிலையும் தண்ணீரையும் துணி விட்டுத் துடைத்து எடுத்தார். அதை அப்படியே விட்டுப் போல்ட் இறுக்கினால், வெளியே போக வழியில்லாத திரவம் பிளாக்கையே பிளந்துவிடும். போல்ட்டுகள் இழுபடும் வகை, அதனால் புதுசு. இறுக்கும்போது நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து மூன்று தடவையாக.

டர்போவுக்குத் தனி மரியாதை. அதன் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது, தாங்குவது ஆயில் படலம் மட்டுமே. தண்ணீர் கலந்த பழைய ஆயிலை முழுவதும் வடித்து, ஃபில்டரும் மாற்றினார். டர்போவின் ஆயில் துளையில் எண்ணெய்க் கேனால் கொஞ்சம் விட்டு, டீசலை நிறுத்திவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் மட்டும் அடித்தார். பிறகுதான் ஸ்டார்ட். வண்டி சத்தமில்லாமல் ஓடியது.

நான் பில்லை வாங்கக் கை நீட்டினேன். பாய் கொடுக்கவில்லை.

"சார், கேஸ்கட் தானா எரியாது. எதனால எரிஞ்சுதுன்னு பார்க்காம வண்டியை விட்டா, மூணு மாசத்துல திரும்ப இங்கதான் வருவீங்க." கழற்றி வைத்திருந்த ரேடியேட்டரைக் காட்டினார். மேல் தொட்டியைப் பிரித்திருந்தார். உள்ளே குழாய்களில் பாதி வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்திருந்தது. வருடக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீர். "அண்ணன் ஓட்டுனதுல தப்பு இல்ல. தண்ணி ஓட வழியில்ல. இது ஒரு நாள்ல அடைச்சது இல்ல சார், ரொம்ப நாளா வண்டி சொல்லியிருக்கும்."

டிரைவர் ஒன்றும் பேசவில்லை. வண்டியிலிருந்து லாக் புக்கை எடுத்து வந்து பக்கம் புரட்டி என் கையில் கொடுத்தார். அக்டோபரில் ஒரு வரி: வண்டி சூடாகிறது, ரேடியேட்டர் பார்க்க வேண்டும். டிசம்பரில் அதே வரி. பிப்ரவரியில் மறுபடியும். மூன்றுக்கும் கீழே என் சுருக்கெழுத்து. பார்த்ததற்கு அடையாளம்.

எனக்கு எல்லாம் நினைவு வந்தது. ஜனவரியில் ரேடியேட்டர் மாற்றக் கோப்பு என் மேசைக்கு வந்தது. மூன்று கொட்டேஷன் இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தது. திருப்பி அனுப்பினேன். மார்ச்சில் மூன்றோடு வந்தது. நிதி ஆண்டு முடிகிறது, ஏப்ரலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று கட்டி வைத்தேன். மே மாதம் வரை அது என் பீரோவில்தான் இருந்தது. விதிப்படி நான் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் தண்ணீர் வழி அடைபட்டது ரேடியேட்டரில் மட்டுமல்ல.

மறுநாள் காலையில் அதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினேன். லாக் புக்கின் மூன்று பதிவுகள், கோப்பு வந்த தேதி, திரும்பிய தேதி, மறுபடி வந்த தேதி, கிடந்த நாட்கள். "இந்தப் பிரிவில் நிலுவையில் இருந்தது" என்று எழுதிவிட்டு, யோசித்து அதை அடித்து, "என்னிடம் நிலுவையில் இருந்தது" என்று மாற்றினேன். கிளார்க் வாழ்க்கையில் எங்கள் கை அவ்வளவு எளிதில் எழுதாத சொல் 'என்னிடம்'. அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வாய்மொழியாகக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. மெமோ ரத்தானது. பாயின் 9 ஆயிரமும் புது ரேடியேட்டரும் அதே வாரம் பாஸ் ஆயின.

டிரைவர் அடுத்த வருடம் முழுப் பணிக்கொடையோடு ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி இப்ப சூடாகறதே இல்ல சார்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. நானும் மன்னிப்பு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை. அது இன்றும் ஒரு குறைதான்.

வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நீங்கள் இதைச் சொல்லலாம். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கூலன்ட் ஊற்றட்டும். வெளியே எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைந்தால் உடனே காட்டட்டும். சூட்டு முள் ஏறினால் ஓரம் கட்டி நிறுத்தட்டும். டர்போ வண்டியை நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தும்போது ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்கட்டும். இதற்கெல்லாம் செலவு இல்லை.

தம்பி மகன் இரண்டு நாள் கழித்து மறுபடி போன் செய்தான். "பெரியப்பா, நீங்க சொன்ன மாதிரி எதனாலன்னு கேட்டேன். தண்ணி பம்ப் ஒழுகியிருக்காம். அதையும் மாத்தறாங்க."

"யாராவது முன்னாடியே சொன்னாங்களா?"

கொஞ்சம் தயங்கினான். "வண்டி கழுவுற பையன் ரெண்டு தடவை சொன்னான். நான்தான் கண்டுக்கல."

"அவனைப் பார்த்தா சொல்லிடு," என்றேன்.